மூடாத டேக்கைத் தேடிப் பிடிப்பது

போன அத்தியாயத்தில் கட்டிய மரக்காணம் பக்கத்தை எடிட்டரில் திறந்துகொள்ளுங்கள். அதில் என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவோம். மேலே தலைப்பு. அடுத்து ஊர் அறிமுகமாக ஒரு பத்தி: விழுப்புரம் மாவட்டம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே உள்ள ஊர், சென்னையிலிருந்து தெற்கே இறங்கிவரும் பக்கிங்காம் கால்வாய் முடியும் இடம். அதன்பின் உப்பள வேலைகளை வரிசையாகச் சொல்லும் பட்டியல். உப்புநீரின் அடர்த்தியைப் பாமே டிகிரியில் காட்டும் அட்டவணை. 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட, 5,151.60 ஹெக்டேர் பரப்புள்ள கழுவெளிப் பறவைகள் சரணாலயம் பற்றி ஒரு பகுதி. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்காலத்தில் தமிழக அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் பற்றிய அறிவிப்பு. கடைசியில் அடிக்குறிப்பு.

இந்தப் பக்கத்தை இப்போது வேண்டுமென்றே உடைக்கப்போகிறோம். மூடும் டேக் ஒன்றை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவருக்குத்தான், நாளைக்கு வேறொருவர் எழுதிய பக்கம் கோணலாக நிற்கும்போது எங்கே கை வைப்பது என்று தெரியும். முதலில் ஃபைலை ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

வழக்கம்போல, டேக் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். <டேபிள்> என்று இங்கே இருந்தால் நீங்கள் அடிக்க வேண்டியது அதன் ஆங்கில எழுத்துகளை. சாய்கோடு போட்ட </டேபிள்> மூடும் டேக்.

பிரவுசர் ஏன் வாய் திறப்பதில்லை

சி, ஜாவா போன்ற மொழிகளில் ஒரு அடைப்புக்குறி விட்டால் கம்பைலர் அங்கேயே நின்றுவிடும். எச்.டி.எம்.எல் அப்படி வளரவில்லை. டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து முதல் டேக்குகளை விவரித்த நாளிலிருந்தே, கிடைத்ததை எப்படியாவது காட்டிவிடுவதுதான் பிரவுசரின் வேலை என்று ஆகிவிட்டது. படிக்க வந்தவர் முன்னால் பிழைச் செய்தியை நீட்டினால் அவர் அடுத்த பிரவுசருக்குப் போய்விடுவார். தொண்ணூறுகளின் போட்டியில் அதை யாரும் விரும்பவில்லை.

ஆனால் எப்படிச் சமாளிப்பது என்பதில் ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு வழி. நெட்ஸ்கேப் 4இல் </டேபிள்> விடுபட்டால் அட்டவணையே திரையில் வராது. அதே பக்கம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் நன்றாகத் தெரியும். எக்ஸ்ப்ளோரரில் மட்டும் பார்த்து ஒப்படைத்த வடிவமைப்பாளர்கள் வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட காலம் அது. இந்தக் குழப்பத்தை ஒழிக்க 2000 ஜனவரியில் எக்ஸ்.எச்.டி.எம்.எல் வந்தது. எல்லா டேக்கையும் மூடியே ஆக வேண்டும், ஒன்று விட்டாலும் பக்கம் வராது, பிழைச் செய்திதான் வரும். கொள்கையளவில் அழகான யோசனை. நடைமுறையில் யாரும் அதை முழுதாக ஏற்கவில்லை, பெரும்பாலோர் எக்ஸ்.எச்.டி.எம்.எல் என்று மேலே எழுதிவிட்டு, சாதாரண எச்.டி.எம்.எல்லாகவே பரிமாறினார்கள்.

2014 அக்டோபரில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்த எச்.டி.எம்.எல்5 வேறு வழியில் போனது. பிழைகள் இருக்கத்தான் செய்யும். அப்படியானால் பிழையை எப்படிச் சரிக்கட்டுவது என்பதையும் விதியாக எழுதிவிடுவோம் என்றது. அதனால் இன்று குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் உடைந்த பக்கத்தை ஒரே மாதிரி ஒட்டுப்போடுகின்றன. வாசகருக்கு நல்லது. நமக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது: மூன்று பிரவுசரிலும் ஒன்றுபோலத் தெரிகிறது என்பதால் பக்கம் சரி என்று சொல்லிவிட முடியாது. மூன்றும் ஒரே தவறான ஊகத்தைச் செய்திருக்கலாம்.

உடைத்துப் பார்ப்போம்

முதலில் சின்னது. அட்டவணைக்கு மேலே உள்ள பத்தியில் இப்படி ஒரு வரி இருக்கிறது:

<பி>உப்புநீர் <ஸ்ட்ராங்>25 டிகிரி</ஸ்ட்ராங்> அளவுக்கு அடர்ந்ததும் உப்பு படியத் தொடங்கும்.</பி>

</ஸ்ட்ராங்> என்பதை மட்டும் அழித்துச் சேமித்து, பிரவுசரில் புதுப்பியுங்கள். அந்தப் பத்தியின் மிச்சம் மட்டும் தடித்த எழுத்தாகும் என்று நினைத்திருப்பீர்கள். கீழே உள்ள சரணாலயப் பகுதி, நிவாரண அறிவிப்பு, அடிக்குறிப்பு எல்லாமே தடித்துவிட்டிருக்கும். பத்தி முடிந்ததும் ஸ்ட்ராங் முடிந்துவிடுவதில்லை. எழுத்தின் தோற்றத்தை மாற்றும் டேக்குகளைப் பிரவுசர் தனியாக ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த பத்திகளிலும் தானே திறந்துகொண்டே போகும். தடிமன், சாய்வு, நிறம் எதுவாக இருந்தாலும், பக்கத்தில் ஓரிடத்தில் தொடங்கிக் கடைசிவரை ஓடுகிறது என்றால் தொடங்கிய இடத்திலேயே குற்றவாளி இருப்பார். கண்டுபிடிக்க இதைவிட எளிதான பிழை கிடையாது.

நகலிலிருந்து பழைய நிலைக்கு மீட்டுவிட்டு, அடுத்து உப்பள வேலைகளின் பட்டியலில் </யூஎல்> டேக்கை எடுத்துவிடுங்கள். எழுத்து மாறாது. பட்டியலுக்குக் கீழே உள்ள எல்லாம் இடப்பக்கம் ஒரு விரற்கடை இடம் விட்டு உள்ளே தள்ளி நிற்கும். பக்கத்தில் இன்னொரு பட்டியல் கீழே இருந்தால் அதன் புள்ளிகளைப் பாருங்கள்: நிறைந்த கறுப்பு வட்டத்துக்குப் பதில் உள்ளே வெறுமையான வட்டம் வந்திருக்கும். பட்டியலுக்குள் பட்டியல் என்று பிரவுசர் புரிந்துகொண்டதன் அடையாளம் அது. வடிவமைப்பு ஃபைலில் ஓரத்து இடைவெளியையும் புள்ளியையும் நீக்கியிருந்தால் இந்தத் தடயமும் போய்விடும். அப்போது கண்ணுக்கு எதுவுமே தெரியாது, பிழை மட்டும் இருக்கும்.

அட்டவணையில்தான் சுவாரசியம். நம் அட்டவணை மூன்று வரிசை: கடல்நீர் 3 முதல் 3.5 டிகிரி, உப்பு படியத் தொடங்குவது 25, எஞ்சும் கசப்பு நீரை வெளியேற்றிவிடுவது 29, 30 வாக்கில். கடைசி வரிசையின் </டிடி>, </டிஆர்> இரண்டையும் விட்டுவைத்து </டேபிள்> டேக்கை மட்டும் அழியுங்கள். அட்டவணைக்குக் கீழே இருந்த சரணாலயப் பகுதி, அடிக்குறிப்பு உட்பட, அட்டவணைக்கு மேலே ஏறிப்போயிருக்கும். அட்டவணை பக்கத்தின் அடியில் கிடக்கும். காரணம் இது: அட்டவணைக்குள் கட்டத்துக்கு வெளியே பத்தி வரக்கூடாது. வந்தால் அதைத் தூக்கி அட்டவணைக்கு முன்னால் வைக்க வேண்டும் என்பது விதி. இப்போது </டிடி>, </டிஆர்> டேக்குகளையும் அழித்துப் பாருங்கள். இந்த முறை எதுவும் மேலே ஏறாது. மிச்சப் பக்கம் முழுவதும் கடைசிக் கட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். விடுபட்டது கூடினால் சேதமும் கூடும் என்று சொல்லவே முடியாது. எழுதிய வரிசை ஒன்று, திரையில் தெரியும் வரிசை வேறொன்று என்றால் முதலில் மேலே அட்டவணை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இணைப்பு டேக்கான <ஏ> மூடப்படாவிட்டால், அடுத்த <ஏ> வரும்வரை உள்ள எல்லாமே அந்த இணைப்பாகிவிடும். கைபேசியில் படிப்பவர் திரையை நகர்த்த விரல் வைத்தாலே வேறு பக்கத்துக்குப் போய்விடுவார். திரைவாசிப்பு மென்பொருள் வைத்துக் கேட்பவருக்கு இது இன்னும் கொடுமை: அரைப் பக்கத்தையும் ஒரே இணைப்பின் பெயராக அது வாசித்துக்கொண்டே போகும்.

அடுத்து வருபவை பக்கத்தையே விழுங்குகிறவை. </டைட்டில்> விடுபட்டால் பக்கம் வெள்ளையாக வரும், பிரவுசரின் டேப்பில் நீங்கள் எழுதிய குறிகள் எல்லாம் தலைப்பாக ஓடும். </டெக்ஸ்ட்ஏரியா> விடுபட்டால் மிச்சப் பக்கம் பச்சைக் குறியாக அந்தப் பெட்டிக்குள் தெரியும். இவற்றுக்குள் இருப்பதைப் பிரவுசர் டேக்காகவே பார்ப்பதில்லை, வெறும் எழுத்தாகப் படிக்கிறது. தனக்கான மூடும் டேக் வரும்வரை நிற்காது. <ஸ்டைல்>, <ஸ்கிரிப்ட்> இரண்டும் இதே ரகம். வெள்ளைப் பக்கம் வந்தால் பதற வேண்டாம், தேட வேண்டிய இடம் இந்த நாலைந்துதான்.

கமெண்ட் தனி வகை. நிவாரண அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் வரும்போது பழைய ஆண்டின் அறிவிப்பைக் கமெண்டுக்குள் போட்டு மறைத்துவிட்டு, புதியதைக் கீழே எழுதுவீர்கள். கமெண்டை முடிக்கும் --> குறியை மறந்தால் புதிய அறிவிப்பும் சேர்ந்து மறையும். பக்கத்தில் கீழே வேறொரு கமெண்ட் இருந்தால் அது முடியும் இடத்திலிருந்து பக்கம் மறுபடி தெரியத் தொடங்கும். அடிக்குறிப்பு எல்லாம் ஒழுங்காக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அறிவிப்பைத் தேடி வந்த உப்பளத் தொழிலாளி, இந்த ஆண்டு இன்னும் அறிவிக்கவில்லை போல என்று திரும்பிப் போய்விடுவார். தடித்த எழுத்து ஓடுவதைவிட இந்த வகைப் பிழைக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

மேற்கோள் குறியும் அப்படித்தான். இணைப்பின் முகவரியைத் திறந்த " குறியை மூடாவிட்டால், பக்கத்தில் அடுத்து எங்கே " வருகிறதோ அதுவரை முகவரிக்குள் போய்விடும். டேக்கே விடுபடவில்லை, ஆனால் டேக் விடுபட்டதுபோல ஒரு பத்தி காணாமல் போயிருக்கும்.

எதை மூட வேண்டியதில்லை

எல்லாவற்றையும் மூடித் தீர்ப்பது என்று கிளம்பிவிடாதீர்கள். வரி முறிக்கும் <பிஆர்>, படத்துக்கான <ஐஎம்ஜி>, கோடு போடும் <எச்ஆர்>, <இன்புட்>, <மெட்டா>, <லிங்க்> போன்றவற்றுக்கு மூடும் டேக் கிடையாது. வேறு சிலவற்றில் மூடுவது உங்கள் விருப்பம்: <எல்ஐ>, <பி>, <டிடி>, <டிஆர்>, <ஆப்ஷன்>. </எல்ஐ> இல்லாத பட்டியல் பிழையே இல்லை. அடுத்த <எல்ஐ> வந்ததும் முந்தையது தானே மூடிக்கொள்ளும். விருப்பம் என்று விட்டாலும் மூடிவிடுங்கள் என்பது என் கட்சி. ஆறு மாதம் கழித்து அந்த ஃபைலைத் திறக்கப்போகிறவர் பெரும்பாலும் நீங்களேதான்.

<பி> டேக்கிடம் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை. பத்திக்குள் பட்டியலோ அட்டவணையோ <டிவ்> டேக்கோ வரக்கூடாது. வந்தால் பத்தி அந்த இடத்திலேயே மூடிக்கொள்ளும். பட்டியலுக்குப் பிறகு நீங்கள் நல்லபிள்ளையாக எழுதியிருக்கும் </பி> இப்போது மூடுவதற்கு ஆள் இல்லாமல் நிற்கும். பிரவுசர் அதற்காக ஒரு வெற்றுப் பத்தியை உண்டாக்கி மூடும். பட்டியலுக்குக் கீழே எதிர்பாராத இடைவெளி தெரிந்தால் இதுவும் காரணமாக இருக்கலாம். இங்கே மூடும் டேக் இருக்கிறது, ஆனாலும் பிழை. அதை எடுத்துவிடுவதே வைத்தியம்.

இன்னொன்று, ரியாக்ட் எழுதிப் பழகியவர்களுக்கு. <டிவ் /> என்று சாய்கோடு போட்டால் அங்கே டேக் மூடிவிடும். சாதாரண எச்.டி.எம்.எல்லில் அந்தச் சாய்கோட்டைப் பிரவுசர் கண்டுகொள்ளாது, திறந்த <டிவ்> என்றே எடுத்துக்கொள்ளும்.

இன்ஸ்பெக்ட் காட்டுவதை நம்பாதீர்கள்

பக்கம் கோணலாக இருந்தால் நம்மில் பலர் செய்யும் முதல் காரியம், வலது பொத்தானை அழுத்தி இன்ஸ்பெக்ட் போவது. மூடாத டேக்கைத் தேடுவதற்கு அது தவறான இடம். இன்ஸ்பெக்டில் தெரிவது நீங்கள் எழுதியதல்ல. பிரவுசர் ஒட்டுப்போட்டு முடித்த பிறகு உள்ள அமைப்பு. அங்கே எல்லா டேக்கும் அழகாக மூடியிருக்கும். மேலே </ஸ்ட்ராங்> அழித்தோமே, அதை இன்ஸ்பெக்டில் பாருங்கள்: நீங்கள் எழுதாத ஸ்ட்ராங் டேக்குகள் புதிதாக முளைத்து மிச்சப் பக்கத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றும் முறையாக மூடப்பட்டு. பிரவுசர் எதை எதற்குள் வைத்திருக்கிறது என்று அறிய அது உதவும், விடுபட்டது எங்கே என்று அறிய உதவாது.

சர்வர் அனுப்பியதை அப்படியே பார்க்க கன்ட்ரோலும் யூவும் சேர்த்து அழுத்தி, சோர்ஸ் பக்கத்துக்குப் போக வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி: சோர்ஸ் பக்கத்திலேயே தவறான டேக்குகளைச் சிவப்பில் காட்டும். சிவப்பு எழுத்தின் மேல் மவுஸை வைத்தால் காரணமும் வரும். அவசரத்துக்கு இது போதும்.

வேலிடேட்டரைப் படிக்கும் முறை

முறையாகச் சோதிக்க டபிள்யூ3சி நடத்தும் நியூ எச்.டி.எம்.எல் செக்கர் என்ற வேலிடேட்டர் இருக்கிறது. ஃபின்லாந்தைச் சேர்ந்த ஹென்ரி சிவோனென் எழுதியது. ஃபயர்ஃபாக்ஸ் பக்கத்தைப் படிக்கும் பகுதியும் அவர் கைவண்ணத்திலிருந்து வந்ததுதான். பக்கத்தின் முகவரியைக் கொடுக்கலாம், ஃபைலை ஏற்றலாம், அல்லது குறிகளை அப்படியே ஒட்டலாம். இணையத்தில் ஏற்றாத பக்கத்துக்குக் கடைசி வழிதான் வசதி. சோதனைக்குப் பணம் கிடையாது, பதிவு செய்யவும் வேண்டாம்.

முடிவுகள் வந்ததும் எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒரு மூடாத டேக், தனக்குப் பின்னால் வரும் நல்ல டேக்குகளையும் பிழையாக்கிவிடும். பட்டியலின் முதல் பிழையை மட்டும் திருத்தி, மறுபடி சோதியுங்கள். பாதிக்கு மேல் தானே கரைந்துவிடும். எல்லாப் பிழையையும் வரிசையாக ஒரே மூச்சில் திருத்துகிறவர், இல்லாத பிழைக்கும் மூடும் டேக் போட்டு வைப்பார்.

பெரும்பாலும் சந்திக்கப்போவது இரண்டு செய்திகள். 'அன்குளோஸ்டு எலிமென்ட்' என்றால் திறந்தது மூடப்படவில்லை. 'ஸ்ட்ரே எண்ட் டேக்' என்றால் மூடும் டேக் இருக்கிறது, அதற்கு முன்னால் திறந்தது எதுவும் மிச்சமில்லை. செய்தியோடு வரி எண்ணும் வரும். அந்த வரி எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் இந்த அத்தியாயத்திலேயே முக்கியமான விஷயம், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

12 <டிவ் ஐடி="பக்கம்">
13 <டிவ் ஐடி="உப்பளம்">
14 <டிவ் ஐடி="அட்டவணை">
31 </டிவ்>
60 </டிவ்>
61 </பாடி>

14ஆம் வரியில் திறந்ததை மூட மறந்துவிட்டோம். 31ஆம் வரியில் உள்ள </டிவ்> 13ஐ மூடுவதற்காக எழுதியது. ஆனால் </டிவ்> என்பதில் பெயர் எழுதியிருப்பதில்லை. கடைசியாகத் திறந்து மூடாமல் இருப்பது எதுவோ அதை மூடும். ஆகவே 31 போய் 14ஐ மூடிவிடுகிறது. 60 போய் 13ஐ மூடுகிறது. கடைசியில் அநாதையாக நிற்பது 12. வேலிடேட்டர் சொல்வது: 61ஆம் வரியில் பாடி முடிகிறது, ஆனால் திறந்தவை மிச்சம்; 12ஆம் வரியில் உள்ள <டிவ்> மூடப்படவில்லை. இரண்டு எண்ணும் உண்மை. இரண்டு இடத்திலும் பிழை இல்லை. உப்பளத்தில் மேல்பாத்தியின் வரப்பு உடைந்தால் கீழ்ப்பாத்தியில் தண்ணீர் கட்டி நிற்குமே, அந்த மாதிரி. தண்ணீர் நிற்கும் இடத்து வரப்பை எத்தனை முறை பூசினாலும் பயனில்லை.

இப்போது 13, 31 இரண்டிலும் <டிவ்> என்பதை <செக்‌ஷன்> என்று மாற்றிவிட்டு, 14ஐ மூடாமலே விட்டு, மறுபடி சோதியுங்கள். </செக்‌ஷன்> டேக்கால் ஒரு <டிவ்> டேக்கை மூட முடியாது. அதனால் வேலிடேட்டர் 31ஆம் வரியிலேயே நின்று, செக்‌ஷன் முடிகிறது, உள்ளே திறந்தது ஒன்று இருக்கிறது, அது 14ஆம் வரி என்று சரியாகக் காட்டிக்கொடுக்கும். 60 தன் வேலையை ஒழுங்காகச் செய்து 12ஐ மூடும். <செக்‌ஷன்>, <ஹெடர்>, <மெயின்>, <ஃபுட்டர்> போன்ற டேக்குகளைப் பொருளுக்காகப் பயன்படுத்தச் சொல்வார்கள், அது சரிதான். என்னைக் கேட்டால், பிழை தன் பகுதியைத் தாண்டி ஓடாமல் தடுக்கிறது என்பதற்காகவே பயன்படுத்தலாம். <டிவ்> மட்டுமே அடுக்கிய பக்கத்தில் பிழை தேடுவது அரை நாள் வேலை.

வேலிடேட்டர் கைகாட்டாதபோது

வேறொருவர் எழுதிய, முழுக்க <டிவ்> ஆன பக்கம் வந்து மாட்டினால்? எடிட்டரின் தேடல் பெட்டியில் திறக்கும் டேக்கையும் மூடும் டேக்கையும் தனித்தனியாகத் தேடி எண்ணிக்கையைப் பாருங்கள். திறந்தது 42, மூடியது 41 என்றால் ஒன்று குறைகிறது. கமெண்டுக்குள் கிடப்பவையும் எண்ணிக்கையில் சேரும் என்பதை மறக்க வேண்டாம். எண்ணிக்கை சமமாக இருந்தாலும் இடம் மாறியிருக்கலாம். சமம் என்பது சரி என்பதற்குச் சாட்சி ஆகாது.

அடுத்து, வி.எஸ். கோட் எடிட்டரிலோ நோட்பேட் பிளஸ் பிளஸ் எடிட்டரிலோ ஒரு <டிவ்> மேல் கர்சரை வைத்தால் அதன் ஜோடி ஒளிரும். வெளியே உள்ளதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக உள்ளே போங்கள். வெளி <டிவ்> டேக்குக்கு ஜோடியே ஒளிரவில்லை, அல்லது சம்பந்தமில்லாத இடத்தில் ஒளிர்கிறது என்றால் பிழை அதற்குள் இருக்கிறது. உள்ளே இருக்கும் முதல் <டிவ்> ஒழுங்காக முடிகிறதா? முடிந்தால் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போங்கள். முடியாததற்குள் மட்டும் இறங்குங்கள். வரிகளை முறையாக உள்தள்ளி எழுதியிருந்தால் கண்ணே பாதி வேலையைச் செய்துவிடும். எடிட்டரின் ஃபார்மேட் கட்டளையைப் போட்டுவிட்டு, பக்கத்தின் கடைசி வரி இடது ஓரத்துக்குத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் எந்த இடத்திலிருந்து தள்ளத் தொடங்கியது என்று மேலே போய்ப் பார்க்கலாம்.

அதுவும் பிடிபடவில்லையா? நகலில் பக்கத்தின் கீழ்ப்பாதியை வெட்டிவிட்டுச் சோதியுங்கள். மேல்பாதியில் கோணல் இருந்தால் அதையும் பாதியாக்குங்கள். ஆயிரம் வரிப் பக்கமாக இருந்தாலும் பத்து வெட்டுக்குள் முடிந்துவிடும்.

இன்றைய எடிட்டர்கள் திறக்கும் டேக்கை அடித்ததும் மூடும் டேக்கைத் தாமே போட்டுவிடுகின்றன. ஆகவே தட்டச்சில் டேக் விடுபடுவது குறைவு. வெட்டி ஒட்டும்போதுதான் விடுபடுகிறது: அட்டவணையை வேறிடத்துக்கு நகர்த்தும்போது கடைசி வரி தேர்வில் சேராமல் போகும். பெரிய நகர்த்தல் ஏதாவது செய்தால் உடனே ஒரு முறை சோதித்துவிடுவது நேரம் மிச்சம்.

டேவ் ராகெட் எழுதிய எச்.டி.எம்.எல் டைடி என்ற பழைய கருவி பிழைகளைக் காட்டுவதோடு தானே திருத்தியும் தரும். காட்டுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எங்கே மூட நினைத்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது, ஊகிக்கும். ஊகம் தவறினால், பிழையில்லாத, ஆனால் தவறான பக்கம் கையில் கிடைக்கும். வேலிடேட்டர் அதற்குப் பிறகு வாயே திறக்காது.

விக்கிப்பீடியாவில் நடந்தது

டைடியை நம்பியிருந்ததால் என்ன ஆனது என்பதற்கு விக்கிப்பீடியாவைவிட நல்ல உதாரணம் இல்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா உட்பட எல்லா மொழி விக்கிகளிலும், பயனர்கள் எழுதிய குறிகளை டைடி பின்னணியில் சத்தமில்லாமல் சரிசெய்து வந்தது. பேச்சுப் பக்கங்களில் பலர் வண்ணக் கையொப்பம் வைத்திருந்தார்கள்; அதில் நிறம் தரும் டேக்கை மூட மறந்திருந்தாலும் டைடி அடைத்துவிடும், யாருக்கும் தெரியாது. 2018இல் டைடியை எடுத்துவிட்டு, எச்.டி.எம்.எல்5 விதிப்படி நடக்கும் ரெமெக்ஸ் என்ற நிரலை வைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஒழுங்காகத் தெரிந்த பேச்சுப் பக்கங்களில், ஒருவர் கையொப்பத்து நிறம் அவருக்குப் பின்னால் எழுதிய எல்லார் கருத்துக்கும் ஓடியது. நாம் </ஸ்ட்ராங்> அழித்தபோது பார்த்த அதே ஓட்டம்.

இதை முன்கூட்டியே எதிர்பார்த்து 'லின்ட் எர்ரர்ஸ்' என்ற சிறப்புப் பக்கத்தை ஒவ்வொரு விக்கியிலும் வைத்திருந்தார்கள். மூடும் டேக் விடுபட்ட பக்கங்கள் அதில் வகைவாரியாக வரும். தோற்றம் தரும் டேக்குகள் பல மூடாமல் கிடக்கும் பக்கங்களுக்கு உயர் முன்னுரிமை, மற்றவற்றுக்குக் குறைவு. 2020 ஜூலை முதல், டேக் மூடாத புதிய கையொப்பத்தை அமைப்பிலேயே சேமிக்க முடியாது. தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்கு வைத்திருப்பவர்கள் பயிற்சிக்கு இந்தப் பட்டியலைத் திறக்கலாம். நிஜமான பிழைகள், திருத்தினால் நிஜமான பயன்.

எவ்வளவு தூரம் மெனக்கெடலாம்

2008இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி 2.0 அணுகல்தன்மை நெறிமுறையில், 4.1.1 என்ற விதி டேக்குகள் முறையாக மூடியிருக்க வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். பிரவுசர்கள் எல்லாம் ஒரே மாதிரி ஒட்டுப்போடுவதால் தனி விதி தேவையில்லை என்பது வாதம். அதனால் இந்த வேலையே தேவையில்லை என்று சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அரை உண்மை. ஒட்டு ஒரே மாதிரிதான், ஆனால் இணைப்பு அரைப் பக்கத்துக்கு நீண்டால் அது எல்லாப் பிரவுசரிலும் ஒரே மாதிரி நீளும். <லேபிள்> மூடாவிட்டால் படிவத்தின் எந்த இடத்தைத் தொட்டாலும் கர்சர் பெயர் கேட்கும் பெட்டிக்குத் தாவும். அவை வேறு விதிகளின் கீழ் இன்றும் குறைகள்தாம்.

வேலிடேட்டரின் எல்லாச் செய்தியையும் பூஜ்யமாக்க வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். மூடாத டேக், ஆளில்லாத மூடும் டேக், தவறாகப் பின்னிக்கிடக்கும் டேக் மூன்றையும் தீருங்கள். பழைய பாணி என்று வரும் எச்சரிக்கைகள் ஓய்வு நேரத்துக்கு.

வேர்ட்பிரஸ் தளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் பக்கத்தின் தலைப்பகுதி ஒரு ஃபைல், அடிப்பகுதி வேறு ஃபைல். தலைப்பகுதியில் திறக்கும் <டிவ்> அடிப்பகுதி ஃபைலில்தான் மூடும். ஒரு ஃபைலை மட்டும் எடுத்து வேலிடேட்டரில் ஒட்டினால் மூடவில்லை என்றுதான் சொல்லும். நம்பி அங்கே ஒரு </டிவ்> போட்டால் தளத்தின் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் உடையும். தளத்தின் முகவரியைக் கொடுத்து, முழுதாகச் சேர்ந்து வந்த பக்கத்தையே சோதியுங்கள். நம் மரக்காணம் பக்கம் ஒற்றை ஃபைல் என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

அதே பக்கத்தை மின்னூலாக்கி ஈபப் வடிவில் தர நினைத்தால் கதை மாறிவிடும். ஈபப்புக்குள் இருப்பது எக்ஸ்.எச்.டி.எம்.எல். மேலே மூட வேண்டியதில்லை என்று சொன்ன எதுவும் அங்கே செல்லாது: </பி>, </எல்ஐ> கட்டாயம், <பிஆர் /> என்று சாய்கோடும் கட்டாயம். ஒன்று விட்டாலும் சில மின்னூல் கருவிகள் அந்த அத்தியாயத்தையே திறக்காது. ஈபப்செக் என்ற இலவசக் கருவியில் ஒருமுறை ஓட்டி, அது குறிப்பிடும் ஃபைலையும் வரியையும் சிஜில் போன்ற எடிட்டரில் திறந்து திருத்துங்கள். ஈபப்பில் <டிவ்> அடுக்கு அதிகம் இருக்காது என்பதால், அங்கே வரி எண்ணைப் பெரும்பாலும் நம்பலாம்.